செவ்வாய்க்கிழமை வராத தலைவலி

மயிலாப்பூரில் ஒரு சந்து மாடியில் பார்லர் வைத்திருக்கும் ஜெயபாரதியிடம் புருவம் திருத்திக்கொள்ள, கொட்டிவாக்கத்திலிருந்தெல்லாம் பெண்கள் வருவார்கள். நூலின் ஒரு முனை அவள் பல்லில், மற்றது இரண்டு கையில். கழுத்தை வெட்டி வெட்டி இழுப்பாள். வலிக்கிறதே என்று வாய் திறப்பதற்குள் ஒரு புருவம் முடிந்திருக்கும். நூலை முழுக்கக் கையிலேயே மாட்டித் திருத்தும் புதுப்பெண்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். "பல்லு இன்னாத்துக்குக் கீது? பக்கோடா துன்னவா?" என்பாள்.

அப்பேர்ப்பட்டவளுக்குத் தலைவலி வந்தது. பிடரியில் வலப்பக்கம் கிளம்பி, காதுக்குப் பின்னால் ஏறி, வலது கண்ணில் போய்க் குத்தும். சும்மா சொல்லக்கூடாது, வைத்தியத்தில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. தைலம் தடவினாள், காபியை விட்டாள், விட்ட காபியை மறுபடி பிடித்தாள், கண்ணாடி மாற்றினாள், உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். வலி அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை மட்டும் அது தலைகாட்டாது. செவ்வாயன்று அவள் முருகனுக்கு விரதம். ஆகவே இது முருகன் அருள் என்று முடிவு கட்டினாள். மருமகனுக்குத் துணையாக மாமனும் வரட்டும் என்று சனிக்கிழமை பெருமாளுக்கும் விரதம் பிடித்தாள். சனிக்கிழமை பார்லரில் கூட்டம் அள்ளும். பசியும் வலியும் சேர்ந்துகொள்ள, ஒரு கல்யாணப் பெண்ணைப் பாதிப் புருவத்தோடு விட்டுவிட்டு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அன்றுதான் பயந்துபோனாள். இந்தத் தொழிலை விட்டால் அவளுக்கு வேறு தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையுமில்லை.

ஸ்கேன் பார்த்த டாக்டர், கோளாறு கழுத்தில்தான் என்று சொல்லி, ராயப்பேட்டையில் கீர்த்தி என்ற பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்.

"என்ன வேலை செய்றீங்கக்கா?" என்று கேட்டாள் கீர்த்தி.

"பார்லர்ம்மா. நின்னுக்கினே செய்ற வேலை. வெயிட்டு கியிட்டு ஒண்ணும் தூக்கறதில்ல."

மண்டை ஓட்டுக்குக் கீழே கீர்த்தி ஓரிடத்தில் விரலை வைத்து அழுத்தியதும் வலது கண் விண்ணென்றது. பதமாக நீவிவிட்டாள். தாடையை உள்ளே இழுத்துப் பிடிக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். கிளம்பும்போது தலை இலவம்பஞ்சு, மறுநாள் சாயங்காலம் பழைய குருடி கதவைத் திறடி. வாரக்கணக்கில் இதே கதை.

"நான் சரி பண்ணி அனுப்பறேன், நீங்க எங்கயோ போய்க் கெடுத்துக்கறீங்க" என்று கீர்த்தி நொந்துகொண்டாள்.

ஜெயபாரதிக்கோ வேறு வேதனை. படுத்த இடத்திலிருந்து பார்த்தால் கீர்த்தியின் புருவம் காடாகத் தெரிந்தது. ஒருநாள் பொறுக்கவில்லை. "தப்பா நெனைக்காதீங்க, டாக்டரம்மா. ஊர் கழுத்தையெல்லாம் பாக்கறீங்க, உங்க புருவத்தை யாரு பாக்கறது? படுங்க" என்று கைப்பையிலிருந்து நூலை எடுத்துவிட்டாள்.

முதல் புருவம் முடிந்து, ஜெயபாரதி அடுத்ததற்கு நூலை இழுக்கத் தொடங்கினாள். கீர்த்தி கண்ணைத் திறந்தாள். தலைக்கு மேலே தாடை முன்னால் நீண்டு, கழுத்து வெட்டி வெட்டி இழுத்தது.

"அக்கா, நிறுத்துங்க!"

"வலிக்குதா?"

"எனக்கில்ல, உங்களுக்கு! தினம் இப்படித்தானா?"

"தினம்தான். செவ்வாக்கெழமை மட்டும் யாரும் வரமாட்டாங்க. அன்னிக்கு முடி எடுக்கக்கூடாதுன்னு..." நூல் பல்லிலிருந்து நழுவியது. "அடப்பாவி முருகா!"

இனி கையில்தான் நூல் என்றாள் கீர்த்தி. ஜெயபாரதியின் முகம் சுண்டிப்போயிற்று. இத்தனை நாள் யாரைக் கேலி செய்தாளோ அவர்கள் மாதிரி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். "கையில பழகிட்டு வந்து அடுத்த புருவத்தை முடிங்க. அதுவரைக்கும் இப்படியே இருக்கேன்" என்று கீர்த்தி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். ஒரு பக்கம் கல்யாணக்களை, மறுபக்கம் காடு. வருகிற நோயாளிகள் தங்கள் வலியை மறந்து அவளையே பார்த்தார்கள்.

ஜெயபாரதி தன் கால் முடியிலேயே பழகினாள். தோலைக் கிள்ளிக்கொண்டு அலறினாள். பிறகு மெல்ல மெல்லக் கடையிலும் கைநூலுக்கு மாறினாள். வேகம் பாதிதான், வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்தார்கள். கழுத்துப் பயிற்சியை மட்டும் ஒருநாளும் விடவில்லை.

ஒரு சனிக்கிழமை, கூட்டமெல்லாம் போன பிறகு, ராயப்பேட்டைக்கு வந்து கீர்த்தியைப் படுக்க வைத்தாள். கழுத்து நேராக நின்றது, விரல்கள் மட்டும் விரிந்து மூடின. பாதிப் புருவத்தில்தான் உறைத்தது: இன்றைக்குச் சனிக்கிழமை. காலையிலிருந்து ஓயாத வேலை. தலை வலிக்கவில்லை.

"என்னக்கா, என் நெத்தியில தண்ணி சொட்டுது?"

"ஏசி ஒழுகுதும்மா."

"இந்த ரூம்ல ஏதுக்கா ஏசி?"

"ஆடாம படுங்க, டாக்டரம்மா. புருவம் கோணிக்கும்."