ரெயின்கோட்டில் ஐந்து பொத்தான்

என் அக்காவை வேலை இடத்தில் 'காந்தம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாகக் காந்தமானியைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடு பள்ளம் பார்க்காமல் நடக்கிறாள். இருபதடிக்கு ஒருமுறை நின்று அளப்பாள். நிலத்தடியில் இரும்பு கலந்த தாது இருந்தால் கருவியில் எண் ஏறும். நடப்பவர் மேல் இரும்பு இருந்தாலும் ஏறித் தொலைக்கும். அதனால் ஹேர்பின், சாவி, பெல்ட் எதுவும் கூடாது. எண்களை எழுதுகிற என்னையும் தினமும் திருடனைத் தடவுகிற மாதிரி தடவித்தான் கூட்டிப்போவாள்.

நாலு மாதம் நடந்தும் ஒன்றும் சிக்கவில்லை. கடைசி வாரம், ஏழாவது வரிசையில் எண் சட்டென்று ஏறியது, தொடர்ந்து எட்டு இடத்தில். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. நான்காவது இடத்தில் மரக்குச்சி அடித்துவிட்டார். ஒரே ஒரு துளைக்குத்தான் அனுமதி, திங்கட்கிழமை இயந்திரம் வருகிறது. அது பொய்த்தால் எங்கள் குழுவே கலைந்துவிடும்.

சனிக்கிழமை வீட்டில் ரெயின்கோட்டை உலர்த்தப் போன அக்கா அப்படியே நின்றாள்.

"பொத்தானை யார் மாத்தினது?"

"நான்தான். பிளாஸ்டிக் எல்லாம் உடைஞ்சு தொங்குச்சு. நல்ல கெட்டியா பார்த்துத் தைச்சேன்" என்றார் அத்தான், பெருமையாக.

ஃபிரிட்ஜில் இருந்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தாள். ஐந்தும் ஒட்டிக்கொண்டன. மடித்து, வரிசைக்குத் தள்ளி வைத்திருந்த என் பையில் கிடந்ததால் கோட்டு சோதனையில் தப்பிவிட்டது. ஏழாவது வரிசையில் நடுவே மழை பிடித்தபோதுதான் அவள் அதைப் போட்டாள். சரியாக அந்த எட்டு இடத்தில்.

"உள்ள நிஜமாவே தாது இருக்கலாம்லக்கா. இப்ப சொன்னா எல்லாருக்கும் வேலை போயிடும்" என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

"பொத்தானை நம்பி பாறையில துளை போடச் சொல்றியா?" என்று எரிந்து விழுந்தாள். அப்போதே மேனேஜருக்குப் போன் போட்டு உடைத்துச் சொல்லிவிட்டாள். அத்தானுக்கு முகம் செத்துப்போயிற்று. "உங்க மேல தப்பில்லைங்க. நான்தான் பார்த்திருக்கணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டுகிற மழையில், கருவிக்கு மட்டும் பாலிதீன் உறை போட்டு, கோட்டு இல்லாமல் அதே எட்டு இடத்திலும் நடந்தாள். முதல் இடத்திலேயே எண் இறங்கிக் கிடந்தது. இரண்டாவதிலும் அப்படித்தான். ஆறாவது வரை ஒன்றுமே இல்லை. எனக்கு எழுதக் கை வரவில்லை.

ஏழாவதில் ஏறியது. எட்டாவதிலும்.

"மறுபடி" என்று திரும்பிப் போனாள். மூன்று முறை நடந்தாள். மூன்று முறையும் அந்த இரண்டு இடத்தில் எண் ஏறியது. சேற்றிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு எழுந்துபோய், மேனேஜர் அடித்த குச்சியைப் பிடுங்கி வந்து, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் அடித்தாள்.

அந்தக் குச்சிக்கு அடியில்தான் தாது கிடைத்தது. அத்தான் இப்போதெல்லாம் பொத்தான் வாங்கப் போனால் ஃபிரிட்ஜ் காந்தத்தையும் எடுத்துக்கொண்டு போகிறார்.