முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் கையெழுத்து

ஞாயிற்றுக்கிழமை என்றாலே ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு எழுத்து வேலைதான். மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு முப்பத்தெட்டுத் தாள்களைப் பரப்புவார். பென்சிலை இடது கையில் பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு தாளிலும் மூன்று கட்டங்கள்: 'இந்த வாரம் நான் கற்றது', 'எனக்குக் கடினமாக இருந்தது', 'அடுத்து நான் செய்யப்போவது'. பிள்ளைகள் தங்கள் படிப்பைத் தாங்களே புரிந்து நடத்தப் பழக வேண்டுமென்று கல்வி அலுவலகம் அனுப்பியவை. பிள்ளைகள்தான் நிரப்ப வேண்டும்.

முதல் வாரம் பிள்ளைகளிடம்தான் கொடுத்தார். சொந்தப் பெயரையே பாதியில் விட்டுவிடுகிற வயசு. ஒருத்தி மூன்று கட்டத்திலும் பூனை வரைந்தாள். ஒருவன் தாளின் மூலையைத் தின்றுவிட்டான். திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்கு அனுப்பக் கோப்பு தன் மேசைக்கு வர வேண்டும் என்றார் தலைமை ஆசிரியை. ஒரு வாரம்தானே என்று டீச்சரே இடது கையால் கோணல்மாணலாக எழுதிவிட்டார். அதுதான் வினை; பிறகு வாராவாரம் அவரேதான்.

ஆரம்பத்தில் அது வீட்டில் வேடிக்கையாகத்தான் இருந்தது. எலக்ட்ரீஷியனான கணவர் எதிரே உட்கார்ந்து தாள்களைப் புரட்டுவார்.

"இந்தப் பையன் மூணு வாரமா கழித்தல்லயே கிடக்கான். பாவம், இந்த வாரமாச்சும் கரை ஏத்தி விடேன்."

"சும்மா இருங்க. இவன் 'க'வை எந்தப் பக்கம் சாய்ச்சேன்னே மறந்துபோச்சு."

நாலாவது மாதம் அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். கோப்பைப் பார்த்து அசந்துபோனார். இந்த வகுப்பு முன்மாதிரி வகுப்பாயிற்று. டீச்சர் சனிக்கிழமைதோறும் மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று ஆணை வந்தது. மைக்கைப் பிடித்து, குழந்தை தன் மனசைத் தானே எப்படிக் கவனிக்கிறது என்று ஒரு மணி நேரம் பேசினார். தேநீர் இடைவேளையில் ஓர் இளம் டீச்சர் ஓரமாக வந்தாள்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. எப்படி எழுத வைக்கிறீங்க? எனக்கு அழுகையா வருது."

சொல்லிவிடலாமென்று நாக்கு நுனி வரை வந்தது. "பொறுமையா இருங்க, வரும்" என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த முகம்தான்.

அடுத்த முறை அதிகாரி வந்தபோது, முன் வரிசையிலிருந்த வாயாடியைக் கூப்பிட்டு அவள் தாளைப் படித்தார். "கழித்தல் கஷ்டம்னு எழுதியிருக்கியே கண்ணு?"

"நான் எழுதல. எனக்குக் கழித்தல் வரும். பத்துக்கு மேல போனாத்தான் விரல் தீர்ந்துடுது. கால் விரல எண்ணலாம்னா ஷூ போட்டிருக்கேன்."

மாட்டிக்கொண்டோம் என்பதைவிட, விடுதலை வந்துவிட்டது என்றுதான் டீச்சர் ஒரு கணம் நினைத்தார். அதிகாரியோ வயிறு குலுங்கச் சிரித்தார். "எழுதினதையே மறந்துட்டா பாருங்க!" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே டீச்சர் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? ஆறு வயசுப் பிள்ளை 'மேலும் முயற்சி செய்வேன்'னு எழுதுமா? இப்ப வாயத் திறந்தா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும். புலி வாலப் பிடிச்சாச்சு டீச்சர்."

"அப்ப வேற வகுப்புக்காவது மாத்துங்க மேடம்."

"முன்மாதிரி வகுப்பு டீச்சர மாத்த எனக்கு அதிகாரம் இல்ல."

மறுநாள் முதல் டீச்சர் ஒரு காரியம் செய்தார். தினமும் எட்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஜன்னலோரம் கூப்பிட்டு, "எங்க மாட்டிக்கிட்டே? அப்புறம் என்ன பண்ணே?" என்று மட்டும் கேட்டார். வாயாடி ஷூவைக் கழற்ற அனுமதி வாங்கிக்கொண்டாள். நன்றாக வாசிக்கிறாள் என்று நினைத்திருந்த ஒருத்தி, படத்தைப் பார்த்துத்தான் சொல்வதாக ஒப்புக்கொண்டாள். "படத்த மூடி வச்சுட்டு ஒரு தடவ பாக்கவா மிஸ்?" என்று அவளே கேட்டாள். டீச்சர் தன் கையாலேயே படத்தை மூடிப் பிடித்தார். இத்தனை மாதமாக இவள் பெயரில் என்னென்னவோ எழுதிவிட்டோமே!

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். ஷூ, மூடிய படம், 'கடைசி வரிசையில உக்காந்தா தூக்கம் வருது' எல்லாம். எட்டு மாதத்தில் முதல் தடவையாக, எழுதும்போது கை கூசவில்லை.

புதன்கிழமை முப்பத்தெட்டுத் தாளும் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தன. மேலே சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'குழந்தைத்தனமாக உள்ளது. முன்னேற்றம் தெரியவில்லை. திருத்தி அனுப்பவும்.'

கணவர் அதைப் படித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பென்சில்களைச் சீவ ஆரம்பித்தார். டீச்சர் திருத்தி எழுதினார். அடுத்த வாரமும் எழுதினார். அடுத்த கல்வியாண்டில் அதே வகுப்புக்கு, அதே தாளோடு, நாற்பத்தொரு புதுப் பிள்ளைகள் வந்தார்கள். முதல் நாளே எட்டுப் பேரை ஜன்னலோரம் கூப்பிட்டார்.