சர்வருக்குக் குங்குமம் வைத்த நாள்

நான் பிறவியிலேயே பயந்த சுபாவம். கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருகிற ஆள். அப்படிப்பட்டவன் தலையில்தான் நண்பர்கள் எல்லாருடைய பேச்சையும் காக்கிற பொறுப்பு வந்து விழுந்தது. எங்கள் விளாங்குடி வீட்டுக்கு பிராட்பேண்ட் இணைப்பு வந்த புதிது.

கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் ஊருக்கு ஒருவராகச் சிதறியிருந்தோம். அதில் என் நெருங்கிய சிநேகிதன், பழைய ஊருக்குள் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவன், வளைகுடாவில் வேலைக்குப் போயிருந்தான். பாலைவனத்தில் ஒரு கட்டுமான முகாம். செல்போனுக்கு சிக்னல் கிடையாது. ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றுதான் வழி. அதிலும் பேர்பெற்ற மெசஞ்சர்களை எல்லாம் கம்பெனிக்காரர்கள் தடுத்துவிட்டார்கள். செய்திகளை வாங்கிக் கொடுக்கிற கம்ப்யூட்டரை, அதாவது சர்வரை, யாருக்கும் பெயர் தெரியாமல் நாமே வைத்து நடத்தினால் அவர்கள் கண்ணில் படாது என்று நான்தான் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். யோசனை சொன்னவனே செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இலவசமாகக் கிடைக்கிற ஓப்பன் சோர்ஸ் மெசஞ்சர்களை என் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி ஏற்றிப் பார்த்தேன். ஒன்று பார்க்க லட்சணம். தமிழில் எழுதினால் கட்டம் கட்டமாக வந்தது. இன்னொன்றில் தமிழ் வந்தது, ஆனால் எதிராளி அந்த நேரம் இல்லையென்றால் எழுதியது காற்றோடு போயிற்று. மூன்றாவது ரேஷன் கடைச் சுவர் மாதிரி இருந்தது. ஆனால் ஆள் இல்லாதபோது வந்த செய்தியைப் பத்திரமாக வைத்திருந்து, வந்ததும் கொடுத்தது.

தன் கல்யாணத்துக்காக அந்த வளைகுடா நண்பன் லீவில் வந்திருந்தபோது காளவாசல் டீக்கடையில் கூடி முடிவு செய்தோம். எங்கள் கூட்டத்தில் ஒரு சௌராஷ்டிரத் தோழி உண்டு. வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று வளர்ந்தவள். எதை எங்கே பேசுவது என்பதில் அவளுக்குக் கவனம் அதிகம்.

"நாம பேசுறத வேற எவனும் படிக்க முடியாதுல்ல?" என்றாள்.

"ஓப்பன் சோர்ஸ். உள்ள என்ன இருக்குன்னு யாரு வேணும்னாலும் பிரிச்சுப் பாக்கலாம்" என்றேன் பெருமையாக.

"புரோகிராமப் பிரிச்சுப் பாத்துக்கலாம். பெட்டி ஒன் வீட்டுலல்ல இருக்கு? ஒன்னைய யாரு பிரிச்சுப் பாக்குறது?"

எல்லாரும் சிரித்தார்கள். இத்தனை பேர் அந்தரங்கத்துக்கு நான் காவல் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவன் மட்டும் சிரிக்கவில்லை. "அழகு கிழகெல்லாம் வேணாம் மாப்ள. எதுன்னாலும் அதுல எழுதணும். மறைக்கக் கூடாது. அம்புட்டுத்தான்" என்றான். காரணம் எங்களுக்குத் தெரியும். முந்தைய வருடம் "அத்தாவுக்கு லேசா முடியல, லீவு போட்டு வா" என்று அவனுக்குச் சொன்னார்கள். அவன் வந்து இறங்கியபோது தகப்பனாரின் அடக்கமே முடிந்திருந்தது. வெளிநாட்டில் இருப்பவனிடம் கெட்ட செய்தியைச் சொல்லாமல் இருப்பதை எங்கள் ஊரில் பாசம் என்பார்கள். அவன் அதை மன்னிக்கவே இல்லை.

மூன்றாவதையே எடுத்தோம். என் பழைய கம்ப்யூட்டரே வீட்டில் இரவும் பகலும் ஓடுகிற சர்வர் ஆனது.

அடுத்த வருடம் ஆயுத பூஜையன்று காலையில் தோழி போன் செய்தாள். அவன் மனைவிக்கு நாள் இருக்கும்போதே பிரசவ வலி வந்துவிட்டது. பக்கத்துத் தெரு என்பதால் இவள்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறாள். நான் உடனே மெசஞ்சரில் எழுதினேன்: "வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறோம். மறுபடி எழுதுறேன்." எழுதிவிட்டு பைக்கை எடுத்தேன்.

ஆபரேஷன் என்றார்கள். பிற்பகல் வரை வராந்தாவில் நின்றோம். குழந்தை பிறந்தது, தாய்க்கு ஆபத்தில்லை. ஆனால் குழந்தைக்கு மூச்சு சீராக இல்லை, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம், இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவன் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணாடிப் பெட்டி சங்கதிய மட்டும் சொல்லாதீக தம்பி. மருமகன் ஒத்தையில கெடக்காரு, தாங்க மாட்டாரு. ஆண்டவன்ட்ட துஆ கேட்டுக்கிட்டிருக்கோம், நாளைக்குச் சொல்லிக்கிடலாம்."

தலையை ஆட்டிவிட்டு அவனுக்கு எழுதக் கிளம்பினேன். காளவாசல் பிரவுசிங் சென்டர் ஷட்டரில் வாழைக்கன்று கட்டிப் பூட்டியிருந்தது. வீட்டுக்கே விரட்டினேன்.

சர்வர் பெட்டிக்கு மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு முழம் பூ. பிளக் பிடுங்கிக் கிடந்தது.

மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அப்பா. பூஜை போட்ட எந்திரம் அன்றைக்கு ஓடக் கூடாது என்பது அவருக்கு வேதம். நான் போன கையோடு நிறுத்தியிருக்கிறார். "ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்பதோடு அவனுக்கு எங்கள் எல்லாருடைய வாயும் அடைத்துப் போயிருக்கிறது, காலையிலிருந்து.

"வருஷம் பூரா ஓடுது, ஒருநா ஓஞ்சு இருக்கட்டுமேப்பா" என்றார் அப்பா.

என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பெண்டாட்டி பிழைத்தாளா என்று தெரியாமல் ஒருத்தன் அங்கே செத்துக்கொண்டிருக்கிறான் என்கிற மாதிரி ஏதோ. அப்பா பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தானே பிளக்கைச் சொருகினார்.

சர்வர் எழுந்ததும் அவன் பெயர் திரையில் பச்சையானது, ஆள் இருக்கிறான். ஒரே வார்த்தை வந்தது.

"யாரு?"

யார் செத்தது என்று கேட்கிறான். எழுதினேன்: "யாருமில்ல. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ஆயுத பூஜைன்னு அப்பா சர்வர ஆஃப் பண்ணிட்டாரு."

"பொய் சொல்லாத மாப்ள. அத்தாவுக்கும் இப்படித்தான் சொன்னாங்க."

சர்வர் சங்கதி நடந்ததுதான், ஆனால் எனக்கே அது பொய் போலத்தான் கேட்டது. மாமியார் பிடித்த கை நினைவுக்கு வந்தது. டீக்கடையில் அவன் கேட்டதும் வந்தது. எழுதினேன்: "ஆபரேஷன் ஆச்சு. அவ நல்லா இருக்கா. புள்ளைக்கு மூச்சு சரியில்ல, கண்ணாடிப் பெட்டில வச்சிருக்காங்க. ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்றாரு. ஒன் மாமியா ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னாங்க."

அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவி, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று இருந்தது.

"அப்ப அவ நெசமாவே நல்லா இருக்கா" என்று வந்தது. "இப்ப நம்புறேன்."

அடுத்து இன்னொன்று. "என்ன புள்ளன்னு இன்னும் சொல்லலையேடா."

"பொம்பளப் புள்ள" என்று எழுதினேன்.

கண்ணாடிப் பெட்டியை விட்டு அந்தக் குழந்தை வெளியே வருகிறவரை அப்பா அந்த பிளக் பக்கமே போகவில்லை. கரண்ட் போகிறபோதெல்லாம் சர்வருக்கு யூபிஎஸ் பேட்டரி தாங்குமா என்று என்னிடம் அவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.