சிரட்டைக் கம்பி இல்லாத தோட்டத்தில் வெள்ளியின் தடம்

என் வரைபடத்தை விரித்துக்கூடப் பார்க்காமல் தள்ளினார்கள். எனக்கு நடந்த அநியாயம் அதுதான். திற்பரப்புப் பக்கம் ஞானதாசின் ரப்பர் தோட்டத்தில் கிணறு வெட்டியபோது ஈயக்கல் வந்தது. அதில் சிறிது வெள்ளியும் உண்டு என்றது ஆய்வகச் சீட்டு. கல் எந்தத் திசையில் ஓடுகிறது என்றறிய, மூன்று வருடம் முன்பு காந்த அளவீடு செய்து மூன்று இடங்களைக் குறித்துக் கொடுத்தேன். "பால் பிடிக்கிற சிரட்டையை மரத்தில் கட்டிய இரும்புக் கம்பியைப் பெரியவர் அளந்திருக்கிறார்" என்று கனிமவளத் துறை அலுவலர் சிரித்தார். நான் ரேடியோ பழுது பார்த்துப் பிழைத்தவன். மற்றதெல்லாம் நானே படித்தது. சிரிக்க அவருக்கு அது போதும்.

இந்தப் பிப்ரவரியில் ஞானதாஸ் கிழட்டு மரங்களை வெட்டி விற்றார். கம்பிகளும் போயின. கம்பி இல்லாமலும் என் குறிகள் நிற்கின்றனவா என்று பார்க்கக் கிளம்பினேன். மூன்றும் பொய்யென்றால் வரைபடத்தைக் கிழித்துவிடுவது என்று முடிவு.

வடசேரியில் காலை 5.10க்குப் பேருந்து. குலசேகரம் சுமார் 30 கிலோமீட்டர்; 6.25க்கு இறங்கினேன். அங்கிருந்து தோட்டத்துக்கு 7 கிலோமீட்டர், ஆட்டோ 200 ரூபாய்.

"பாட்டா, பாட்டில்ல என்னவாக்கும்?" என்றார் ஓட்டுநர்.

"மண்ணெண்ணெய். சுத்தி இருக்கது செம்புக் கம்பி. பூமிக்க காந்தத்த அளக்கது."

"ரேஷன்லயே கிட்டாத சாதனம்! அதுதான் பாட்டா புதையலு."

வெள்ளி காந்தத்துக்கு அசையாது. ஆனால் அதைப் பாறை வெடிப்பில் கொண்டுவந்து சேர்த்த வெந்நீர், பாறையிலிருந்த காந்தக் கல் துகள்களைச் சில இடங்களில் அழித்திருக்கும். நாம் தேடுவது அந்த வெடிப்பை. அங்கே அளவு குறையும் என்று புத்தகங்கள் சொல்லும். நம் மாவட்டமோ பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டியது. இங்கே அது தலைகீழ்: கிழக்கு மேற்காக ஓடும் வெடிப்பின்மேல் அளவு கூடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

இரும்பு அருகில் இருந்தால் அளவு கெடும். ஞானதாசிடம் சாவிக்கொத்தையும் செல்போனையும் ஆட்டோவில் வைக்கச் சொல்லி, ஆட்டோவை நூறு மீட்டர் தள்ளி நிறுத்தினேன்.

"அரணாக்கயிறும் களத்தணுமா வே?"

"வெள்ளிதானே? கெடக்கட்டும்."

பத்து மீட்டருக்கு ஒரு அளவு. அரைமணிக்கு ஒருமுறை தொடங்கிய இடத்துக்கே திரும்பிச் சரிபார்ப்பு. முதல் குறியில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை.

"ரெண்டும் போச்சே ஓய்! அந்த ஆபீசருக்கு ஒரு மாலைய வாங்கிப் போடும்."

"மூணாவது கெடக்குல்லா? வாயப் பொத்திட்டு நடவும்."

மூன்றாவது நின்றது. சுற்றுப்புறத்தைவிட அறுபது நானோடெஸ்லா கூடுதல். கோட்டை நீட்டினேன். ஓடையைத் தாண்டி, ஞானதாசின் பாறைப் பறம்பிலும் அதே கூடுதல். மொத்தம் தொண்ணூறு மீட்டர், கிழக்கு மேற்காக. ரப்பர் என்றுமே நில்லாத இடம் அந்தப் பறம்பு. எண்களை ஞானதாசே இரண்டு தடவை வாசித்தார்.

"இங்க மரமும் இல்ல, கம்பியும் இல்ல. பின்ன இது என்னதாக்கும்?"

"அதத்தான் மூணு வருசமா நான் கேக்கேன்."

வெள்ளி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தேட வேண்டிய இடம் இருக்கிறது.

இப்படி அளக்கப் போகிறவர்கள் காலை பத்துக்குள் முடிக்க வேண்டும். வெயில் ஏற ஏற இங்கே காந்த அளவும் ஏறும். பாட்டிலைக் கிழக்கு மேற்காகப் பிடிக்க வேண்டும். அனுமதியில்லாமல் யாரும் தோண்டக் கூடாது. அலுவலர் வந்து அளக்கும்வரை ஞானதாஸ் முள்வேலி போடக் கூடாது; அதுவும் இரும்புக் கம்பி. அவர் ஒரு காலை வந்து, தம் கருவியோடு அந்தத் தொண்ணூறு மீட்டர் நடக்க வேண்டும். நான் புது வரைபடத்தைத் திங்கட்கிழமை நேரில் கொடுக்க வேண்டும். அதன் முதல் வரியில், முதல் இரண்டு குறிகளும் சிரட்டைக் கம்பிதான் என்று என் கையால் எழுத வேண்டும்.