இரண்டு சொம்பு பாறைக் கிணற்றுத் தண்ணீர்

ஒரு பெண்ணைப் பற்றி நான் பொய் சொன்னேன். அது பொய் என்று தெரியாமல் சொன்னேன் என்று தப்பித்துக்கொள்ளலாம். உண்மை என்னவென்று ஒரு கணம்கூட யோசிக்காமல் சொன்னதால் அதைப் பொய் என்றே எழுதுகிறேன். அவர் புகையிலை போடுகிறார் என்று சொன்னேன். நான் வேதியியலில் பட்டம் வாங்கியவன், அறிவியல் ஆசிரியன். நான் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. தர்மபுரி தனி மாவட்டமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் காரிமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் வேலையில் இருந்தேன். பென்னாகரம் சாலையில் இறங்கி உள்ளே இரண்டு மைல் நடக்கவேண்டிய ஓர் ஊரில் பெண் இருப்பதாகத் தரகர் சொன்னார். எங்களைப் போலவே கத்தோலிக்கக் குடியானவர்கள். என் அக்காவும் நானும் தரகருடன் போனோம். சித்திரை வெயில். வழியில் பார்த்த கிணறுகளில் எல்லாம் அடியில் பச்சைச் சேறுதான் தெரிந்தது.

அந்த ஊர் முகப்பில் மட்டும் ஒரு கிணறு நிறைந்து கிடந்தது. பாறையை வெட்டி இறக்கிய கிணறு. எட்டிப் பார்த்தால் ஆழத்தில் கிடக்கும் கூழாங்கல்கூடத் தெரியும். பெண்ணின் அப்பாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

“எந்தப் பஞ்சத்துலயும் வத்தினதில்லைங்க. ஏரிக்குப் பக்கத்துல ஒரு கெணறு இருக்குது, கலங்கல் தண்ணி. அது மாட்டுக்குங்க. மனுசன் குடிக்கறது இதுதான்.”

ஒரு சொம்பு குடித்தேன். நன்றாயிருக்கிறது என்று இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

பெண்ணின் அம்மா சுவரோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் உள்ளே போனபோது எழுந்திருக்கவில்லை. வாங்க என்றார், அவ்வளவுதான். எங்களைப் பார்க்க வேண்டியிருந்தபோது தலையை மட்டும் திருப்பாமல் உடம்பையே முழுதாகத் திருப்பினார். அக்கா என் முழங்கையில் இடித்தார்.

பெண் வந்தார். தட்டை வைத்தார். அக்கா கேட்டதற்கெல்லாம் உதட்டை அதிகம் பிரிக்காமலே பதில் சொன்னார். சொம்பிலிருந்த கடைசி வாய்த் தண்ணீரை நான் சட்டையில் ஊற்றிக்கொண்டபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் மேல் வரிசைப் பல்லைப் பார்த்தேன். முன்பற்களின் குறுக்கே பழுப்புப் பட்டைகள். உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

திரும்பிப் போகும்போது பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் அக்கா ஆரம்பித்தார். “அந்தம்மாளுக்கு எவ்ளோ திமிரு பாத்தியா தம்பி? சம்பந்தம் பேச வந்தவங்களப் பாத்து எந்திரிச்சி நிக்கக்கூட மாட்டாங்களாமா?”

நான் சொன்னேன், “அம்மாவ வுடுக்கா. பொண்ணு பொகையில போடுது. பல்லப் பாத்தா தெரியல உனக்கு?”

தரகர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் போதும். அது யாருக்கும் நடப்பது, பெண்ணின் பெயர் கெடாது. எனக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று காட்டிக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

அதே வருடம் நல்லம்பள்ளிப் பக்கத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அந்த ஊரையும் அந்தப் பெண்ணையும் மறந்துவிட்டேன். சொன்னதைவிட மறந்ததுதான் இப்போது எனக்குப் பெரிய குற்றமாகத் தெரிகிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் என்னைப் பென்னாகரம் சாலையில் இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றினார்கள். ஆறாம் வகுப்பில் உடல்நலப் பாடம். எல்லோரும் பல்லைக் காட்டுங்கள் என்று சொல்லி ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு பெஞ்சில் இருந்த பெண்பிள்ளைகள் நான்கு பேருக்கும் பழுப்புப் பல்.

“என்ன இது? பொகையிலையா?” என்று அதட்டினேன்.

ஒரு பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. “நாங்க ஒண்ணும் போடறதில்லைங்க சார். எங்கூர்ல எல்லாருக்கும் இப்படித்தாங்க சார் மொளைக்குது.”

எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னாள். நான் பெண் பார்க்கப் போன அதே ஊர்.

வருகைப் பதிவேட்டை எடுத்து ஊர்வாரியாக மறுபடியும் பார்த்தேன். அந்த ஊரிலிருந்து வந்த எல்லோருக்கும் அந்தப் பல். ஏரிக்கு அக்கரையில் இருக்கும் சின்ன ஊரிலிருந்து வரும் பிள்ளைகளின் பல் பச்சரிசி மாதிரி இருந்தது. இரண்டு ஊர்க்காரர்களும் தின்பது அதே கேழ்வரகுக் களி, துலக்குவது அதே வேப்பங்குச்சி. தண்ணீர்தான் வேறு. அக்கரைக்காரர்கள் குடிப்பது அந்த ஏரிக் கிணற்றுத் தண்ணீரை.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “ஆக, எம் பல்லு வெள்ளையா இருந்ததாலதான் என்னைக் கட்டினீங்க. நல்லம்பள்ளித் தண்ணிக்குத்தான் நான் நன்றி சொல்லணும்” என்றார். நான் சிரிக்கப் போனேன். அவர் சிரிக்கவில்லை. “அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சான்னு விசாரிச்சீங்களா?”

விசாரித்தேன். ஆகவில்லை. எனக்குப் பிறகு இரண்டு சம்பந்தங்கள் பேச்சுக்கு வந்து, புகையிலை என்ற சொல் காதில் விழுந்து, வந்த வழியே திரும்பிப் போயிருந்தன.

இரண்டு கிணறுகளிலும் ஒவ்வொரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தர்மபுரியில் தெரிந்த ஒரு டாக்டரிடம் போனேன். வயதானவர். பல்லைப் பற்றிச் சொன்னதும், பாட்டிலைப் பார்ப்பதற்கு முன்னால், “அந்த ஊர்ல வயசானவங்க கழுத்தைத் திருப்பறாங்களா?” என்று கேட்டார்.

முக்காலியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் என் கண்முன் வந்து நின்றார்.

பாறையில் இருக்கும் ஃபுளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைகிறது என்று டாக்டர் விளக்கினார். நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. சிறு வயதில் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பல்லில் அது போய் உட்கார்ந்தால், முளைக்கும்போதே கறையோடு முளைக்கும். பல வருடம் தொடர்ந்து குடித்தவர்களுக்கு எலும்பில் ஏறி முதுகும் கழுத்தும் இறுகிப்போகும். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். வந்ததற்கு மருந்து இல்லை. தண்ணீரை மாற்றுவது ஒன்றுதான் வழி. ஃபுளோரினைப் பற்றித் தேர்வில் ஒரு பக்கம் எழுதி மார்க் வாங்கியவன் நான். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாட்டில்களைப் பரிசோதனைக்கு அனுப்பினார். சில வாரங்களில் கடிதம் வந்தது. பாறைக் கிணற்றில் ஃபுளோரைடு இருக்கலாம் என்கிற அளவைப் போல் பல மடங்கு, ஏரிக் கிணற்றில் பயப்படும்படி ஒன்றுமில்லை என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்க் கோயிலுக்குப் பூசைக்குப் போனேன். பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்ததும் இரண்டு வார்த்தை பேசப் பங்குச்சாமியார் அனுமதி கொடுத்தார். தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தார்.

“எங்க பாட்டன் பாறையப் பொளந்து வெட்டின கெணறுய்யா அது. மாட்டுத் தண்ணி நல்ல தண்ணி, எங்க தண்ணி வெசம். இதுக்குத்தான் உனக்கு கவருமெண்டு சம்பளம் குடுக்குதா?”

“பல்லு வெளக்குங்கடான்னு நாசூக்கா சொல்றாரு மாமா” என்றான் ஒருவன். சிரிப்பு.

அந்தச் சிரிப்பு அடங்கியதும் மற்றதையும் சொன்னேன். இந்த ஊருக்குப் பெண் பார்க்க வந்தவன் நான்தான், புகையிலை என்ற பேச்சைக் கிளப்பியவனும் நான்தான், அது தண்ணீர் செய்த கறை என்று சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் வந்தார். முந்தானை வாயை மூடியிருந்தது.

“அன்னைக்கு ரெண்டு சொம்பு வாங்கிக் குடிச்சீங்க சார். தண்ணி நல்லாயிருக்குது, பொண்ணுதான் சரியில்லன்னு போனீங்க. இன்னைக்கு வந்து பொண்ணு மேல தப்பில்ல, தண்ணிதான் சரியில்லங்கறீங்க. அடுத்த தடவ வந்தா எதைச் சொல்லுவீங்க, சொம்பையா?”

ஊரே சிரித்தது. சிரிக்கட்டும் என்று நின்றேன். சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் எட்டாவது வரை படித்தவர். நின்றபடியே ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“எங்கம்மா முதுகு இதனாலதானா?”

“ஆமாங்க.”

“நிமிருமா?”

“நிமிராதுங்க.”

கடிதத்தை மடித்தார். “எங்கண்ணனுக்கு இப்பத்தான் ஒரு பொம்பளப்புள்ள பொறந்திருக்குது. இன்னும் பல்லு மொளைக்கல.”

“ஏரிக் கிணத்துத் தண்ணி குடிச்சா அந்தப் பிள்ளைக்கு வராதுங்க.”

“சரி” என்றார். கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் அவர் குடம் ஏரிக் கிணற்றுக்குப் போனது. மாட்டோடு மாடாகத் தண்ணீர் குடிக்கிறவள் என்று கேலி செய்தார்கள். அவர் அந்தக் கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசித் தெளியவைத்து, காய்ச்சி, அண்ணன் குழந்தைக்குக் கொடுத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் கடிதத்தைப் படித்துக் காட்டினார். நான் மேடைபோட்டுச் சொன்னாலும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னார். கைக்குழந்தை இருந்த ஒவ்வொரு வீடாக அந்தக் கிணற்றுக்குத் திரும்பியது.

நான் மன்னிப்புக் கேட்கத் தனியாக ஒரு சனிக்கிழமை போனேன். ஆரம்பிக்கும் முன்பே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “அதெல்லாம் வேணாங்க சார். ஏரிக்கெணறு தூரம். அம்மாவ வுட்டுட்டு ரெண்டு நடை போக முடியல. உங்களுக்குச் சனிக்கெழம லீவுதான? சைக்கிள் வச்சிருக்கீங்க இல்ல?”

அப்படித்தான் சைக்கிளின் இரண்டு பக்கமும் குடம் கட்டித் தண்ணீர் கொண்டுபோக ஆரம்பித்தேன். “வாத்தியாரு பாவத்தைச் சொமந்துகிட்டுப் போறாரு, வழி வுடுங்க” என்று ஏரிக்கரையில் துணி துவைக்கிற பெண்கள் சொல்வார்கள். ஒருநாள் கீழே விழுந்து இரண்டு குடமும் உருண்டபோது, பாவம் கரைந்தது என்றார்கள். அந்தக் கோடையில் ஏரிக் கிணறு வற்றப் பார்த்தது. தூர் வார வேண்டும் என்று நான் மனு எழுதினேன். மனுவுக்குப் பதில் வருவதற்குள் அவரும் இன்னும் சில பெண்களும் இறங்கிச் சேற்றை வாரிவிட்டார்கள். கூடை தூக்கிவிட நானும் நின்றேன். சைகையிலேயே என்னை வேலை வாங்கினார். பிறகுதான் பஞ்சாயத்து வந்து சுற்றுச்சுவர் கட்டி உருளை மாட்டிக் கொடுத்தது.

இன்னொன்றும் செய்தேன். திரும்பிப் போன அந்த இரண்டு வீடுகளுக்கும் போய், நான் சொன்னது தவறு என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் கல்யாணமாகிக் குழந்தைகள் இருந்தன. இது தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. என்னைக் கேட்டுவிட்டா போனீர்கள் என்றார். நியாயம்தான். முதல் தடவையும் நான் அவரைக் கேட்கவில்லை.

அவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது என்னால்தானா என்று ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டேன். புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, “எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்காதீங்க சார்” என்றார். என்னைத் தேற்றுவதற்குச் சொன்னாரா, வாயை மூடச் சொன்னாரா என்று இன்றும் தெரியாது. இரண்டுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். வீட்டுக்குள் விடாமல் அனுப்பியிருக்கலாம், அதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்.

எழுபதுகள் முடியும் நேரத்தில் எனக்கு மறுபடியும் மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ள மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மாள் அதே சுவரோரம், அதே முக்காலியில். அண்ணன் மகளுக்கு அப்போது பால்பல் விழுந்து முன்பல் முளைத்திருந்தது. அத்தை அவளைப் பிடித்து இழுத்து எங்கள் முன்னால் நிறுத்தினார்.

“வாயத் தொறடி. சாருக்குக் காட்டு. பாருங்க சார், இவ பொகையில போடறதில்ல.”

இரண்டு பல். அகலமாக, கொஞ்சம் கோணலாக, வெள்ளையாக இருந்தன. என் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, “நல்லம்பள்ளிப் பல்லு மாதிரியே இருக்குது” என்றார். அதற்கு அவர் சிரித்தார். பழுப்புப் பட்டைகள் எல்லாம் தெரியச் சிரித்தார். குழந்தையின் தோளைப் பிடித்திருந்த கை முந்தானைக்குப் போகவில்லை.

“என்னடி சிரிப்பு அங்க?” என்று அந்த அம்மாள் கேட்டார். எங்களைப் பார்ப்பதற்காக முக்காலியில் கையை ஊன்றி உடம்பை மெல்லத் திருப்ப ஆரம்பித்தார். நான் சட்டென்று எழுந்து, அவர் திரும்ப வேண்டாதபடி, அவருக்கு நேர் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தேன்.