தொட்டி மணலும் எங்க ஊர்க் காத்தும்

எங்க வீட்டு ஹால்ல கடல் இருக்குது. ஆம்பூர்லருந்து கடலைப் பாக்கணும்னா மெட்ராஸுக்கு ரயில் ஏறணும். அந்த அலைச்சல் வேணாம்னுதான் எங்க வீட்டுக்காரரு கண்ணாடித் தொட்டி வாங்கி, உப்புத் தண்ணி ஊத்தி, ஆரஞ்சு மீன் ஜோடி ஒண்ணு விட்டாராம். அப்படித்தான் சொல்லிக்கிறாரு. அதுக்கு அப்புறம் அவரு அலைஞ்ச அலைச்சலுக்கு நாங்க கடற்கரையிலயே குடியேறி இருக்கலாம்.

மீனைக்கூடப் பொறுத்துக்கலாம். அடியில கிடக்கிற மணல் இருக்குதே, அதுக்குத்தான் மாப்பிள்ளை மரியாதை. கடைக்காரரு ரெண்டு விரக்கடை உயரம் போட்டாப் போதும்னு சொல்லி அனுப்பினாராம். இவரு ஒரு சாணுக்குக் கொட்டினாரு. "இன்னாங்க, அஸ்திவாரம் போடுறீங்களா?"ன்னு கேட்டேன். "மணலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருங்க இருக்குதும்மா. அதுங்கதான் அழுக்கைத் தின்னு தண்ணியைச் சுத்தமா வெக்கும். ஜாஸ்தி மணல், ஜாஸ்தி உசுரு"ன்னாரு. ஞாயித்துக்கிழமையானா என் பழைய மரக்கரண்டியோட காம்பால ஒரு மூலையை மட்டும் லேசாக் கிளறுவாரு. அடுத்த வாரம் அடுத்த மூலை. அப்புறம் ரப்பர் குழாய் விட்டு மேலாக்க இருக்கிற அழுக்கை உறிஞ்சி எடுப்பாரு. இந்த மனுஷன் ஒரு நாளாவது எங்க படுக்கையைத் தட்டிப் போட்டிருப்பாரா!

அந்த மணலுக்குன்னே ஒரு மீனும் வந்தது. விரல் நீளம், வெள்ளை உடம்பு, தலை மட்டும் மஞ்சள். வாய் நிறைய மணலை அள்ளி, இருக்கிற இரையை எடுத்துகினு, மீதியைச் செவுள் வழியா சலிச்சு விட்டுடும். நாளெல்லாம் இதே வேலை. நான் அதுக்கு சித்தாள்னு பேர் வெச்சேன். கட்டட வேலைக்கு மணல் சலிக்கிற சித்தாள்கூட மத்தியானம் கொஞ்சம் ஒக்காருவா, இது ஒக்காராது. ஷூ கம்பெனியில பொழுதுக்கும் தையல் சரிபாத்துட்டு வந்து, டீயோட அதுக்கு முன்னாடி ஒக்காந்துடுவேன். பாவம், என்னை மாதிரியே உழைக்குதேன்னு ஒரு பாசம். வீட்டுக்காரருகிட்ட மூச்சு விடலை. சொன்னா தலைமேல ஏறி ஒக்காந்துக்குவாரு.

அவருக்கு டேனரியில வேலை, சுண்ணாம்புத் தொட்டிகிட்ட. பச்சைத் தோலைச் சுண்ணாம்புலயும் மருந்துலயும் போட்டு முடியை எடுக்கிற இடம். அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். சாயங்காலம் அவரு படியேறும்போதே எனக்குத் தெரிஞ்சிடும். "அங்கயே நில்லுங்க, நேரா பாத்ரூமு!"ன்னு கத்துவேன். கல்யாணம் ஆன நாள்லருந்து எங்க வீட்டு வரவேற்பு இதுதான். மனுஷன் மறுபேச்சு இல்லாம போய்க் குளிப்பாரு.

இந்த வருஷம் நோன்பு மாசத்துல அவரு கம்பெனியில ஆர்டரு கழுத்தைப் பிடிச்சது. ஞாயித்துக்கிழமையும் டூட்டி. மரக்கரண்டிக் காம்பு சும்மா கிடந்தது. மாசக் கடைசியில ஹால்ல அந்த முட்டை நாத்தம் லேசா வர ஆரம்பிச்சது. எங்க ஊர்ல அந்த நாத்தம் வந்தா யாரும் வீட்டுக்குள்ள தேட மாட்டோம். டேனரிப் பக்கத்துலருந்து காத்து திரும்பிடுச்சுன்னு ஜன்னலைச் சாத்துவோம். நானும் சாத்தினேன். "உங்க கம்பெனியை வெளியிலயே விட்டுட்டு வரக்கூடாதா?"ன்னு கேட்டேன். "ஆமாம்மா, இன்னிக்கு ஜாஸ்திதான்"னு அவரும் மூக்கைச் சுளிச்சாரு.

ரம்ஜான் அன்னிக்கு எல்லா டேனரியும் லீவு. கீழ்வீட்டு பாய் வீட்லருந்து பிரியாணி வந்தது, தெருவே மணக்குது. நான் மூடியைத் தொறக்கிறேன், மூக்குல முட்டை நாத்தம்! எனக்கு வந்ததே கோவம். "லீவு நாள்லகூட உங்க ஆளுங்க தோலைப் போட்டுச் சுத்துற ட்ரம்மை ஓட்டுறாங்களா, கேளுங்க"ன்னேன். அவரும் கம்பெனி கேட்டுல நிக்கிற தோஸ்துக்குப் போன் போட்டாரு. "இன்னா நைனா பேஜாரு பண்ற, ட்ரம்முக்கே இன்னிக்கு லீவு"ன்னு அந்தப் பக்கம் சிரிக்கிறாரு.

நான் மோந்துகினே வீட்டைச் சுத்தி வந்தேன். தொட்டிகிட்ட வந்ததும் குமட்டிச்சு. கண்ணாடியோரமா குனிஞ்சு பாத்தா, மணலோட அடிப்பக்கம் திட்டுத் திட்டா கறுத்துக் கிடக்குது. ஆரஞ்சு ஜோடி மேல வந்து மூச்சுக்குத் தவிக்குது. சித்தாள் ஒரு மூலையில ஒருக்களிச்சுக் கிடந்தது, செவுள் மட்டும் அடிச்சுகினு. "ஐயோ, என் சித்தாளு!"ன்னு கத்திட்டேன். அவரு திரும்பி என்னை ஒரு மாதிரி பாத்தாரு.

"கிளறாம விட்டதுல மணல் அடியில அழுகிப் போச்சும்மா. கையை விட்டுக் கலக்கினா அந்த விஷம் மொத்தமா மேல வந்துடும்"னு சொல்லி, முதல்ல மீனுங்களை வலையால அள்ளினாரு. தண்ணி மாத்த உப்புக் கலந்து வெச்சிருந்த பக்கெட்ல விட்டு, காத்துக் குழாயையும் போட்டாரு. ஆரஞ்சு ஜோடி தெளிஞ்சிடுச்சு. சித்தாள் அசையலை. மூட்டையில மீதி இருந்த மணலைக் கழுவி, பக்கெட்ல ஒரு பிடி போட்டேன். வேலை இல்லாம அதால இருக்க முடியாது இல்ல?

"இவ்ளோ நாத்தம், உங்க மூக்கு இன்னா பண்ணிகினு இருந்தது?"ன்னு அவர்மேல எரிஞ்சு விழுந்தேன்.

அவரு பக்கெட்டையே பாத்துகினு சொன்னாரு. "எனக்கு வாசனையே தெரியறதில்லம்மா. சுண்ணாம்புல போன மூக்கு. ரொம்ப வருஷமாச்சு."

"அப்ப மூக்கைச் சுளிச்சீங்களே?"

"நீ நாறுதுன்ன. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சுளிச்சேன்."

"என் கொழம்பு வாசனை தெருமுனைக்கே வருதுன்னு சொல்லுவீங்களே?"

"அதைச் சொல்லாம குடும்பம் நடத்த முடியுமா?"

அடப்பாவி மனுஷான்னு சிரிப்பு வந்தது. அப்புறம்தான் எனக்கு உறைச்சது. அப்ப தினம் குளிச்சதும் என் வார்த்தையை மட்டும் நம்பித்தான். இத்தனை வருஷமா நான் கத்தினதைக் கேட்டே, தான் நாறுறோம்னு தெரிஞ்சுகினு இருந்திருக்காரு.

சாயங்காலம் சித்தாள் மெல்ல நிமிர்ந்து, ஒரு வாய் மணலை அள்ளிச் சலிச்சது. நாங்க ரெண்டு பேரும் கை தட்டினோம். கறுத்த மணலை எல்லாம் எடுத்து, தண்ணி மாத்தி, தெளிஞ்ச அப்புறம்தான் மீனுங்களைத் திரும்ப விட்டோம். மணல் இப்ப கடைக்காரரு சொன்ன ரெண்டு விரக்கடைதான். கிளறுறது அவரு, மோந்து பாக்கிறது நான்.

போன வாரம் வேலை முடிஞ்சு வந்தவரு வழக்கம்போல வாசல்லயே நின்னாரு. நான் தொட்டிமேல குனிஞ்சிருந்தேன்.

"தொட்டி எப்படி இருக்குது?"

"சுத்தமா இருக்குது."

"நான்?"

மொத்தக் கம்பெனியும் அவரோட படியேறி வந்திருந்தது. "ஒண்ணும் வரலைங்க, உள்ள வந்து டீ குடிங்க"ன்னேன்.

என் மூஞ்சைப் பாத்துச் சிரிச்சாரு. துண்டை எடுத்துத் தோள்ல போட்டுகினாரு.

"என் விஷயத்துல பொய் சொல்லு, பரவால்ல. மீன் விஷயத்துல சொல்லிடாத"ன்னுட்டு குளிக்கப் போனாரு.