கண்ணாடிக்குள் நான் இருந்தபோது

கட்டு மாற்றும் அறைக்கு வெளியே நடைவழியில் காத்திருக்கும்போது, எனக்கு முன்னால் உள்ளே போனவர்களின் அலறல் கேட்கும். என் முறை வரும்வரை அம்மா என் காதுகளைப் பொத்திக்கொண்டிருப்பாள்.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. வெள்ளிமலையில் எங்கள் வீட்டில் சாமைச் சோறு வடிக்கும்போது பானை சரிந்து, வலது தொடையிலிருந்து கணுக்கால்வரை கொதிகஞ்சி கொட்டிவிட்டது. ஜீப்பில் மலையிறக்கிக் கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே டெப்ரைட்மென்ட் (புண்ணில் செத்துப்போன தோலை அகற்றுவது) என்ற சொல்லைக் கற்றேன். வலி மருந்து கொடுத்துத்தான் செய்தார்கள். போதவில்லை.

ஒருநாள் டாக்டரம்மா வி.ஆர். கருவியைக் (மாட்டிக்கொண்டால் வேறோர் இடத்தில் இருப்பதுபோலக் காட்டும் கண்ணாடி) கொண்டுவந்தார்.

"வலி சுத்தமா போவாதும்மா. மனசு வேற எடத்துல இருந்தா கம்மியா தெரியும்."

"அம்மா என் கையப் புடிச்சிக்கினு இருக்கணும்" என்றேன்.

"வுடவே மாட்டேன்" என்றாள் அம்மா.

கண்ணாடிக்குள் கடல். ஒரு கையிலிருந்த விசையை அழுத்தி மீன்களுக்கு இரை வீசினேன். காலை யாரோ எங்கோ இழுப்பதுபோல் இருந்தது. பொறுக்க முடியாதபோது மறுகையில் பிடித்திருந்த கையை இறுக்குவேன்; அதுவும் இறுக்கும். கழற்றினால் அம்மா பக்கத்தில் நிற்பாள். அரைமணி நேரம் ஆகியிருக்கும். எனக்குக் கொஞ்ச நேரம்தான் ஆனதுபோல் இருக்கும்.

பிறகொரு நாள் பாதியில் கடல் இருண்டது. சார்ஜ் தீர்ந்துவிட்டது. நானே கழற்றினேன். என் கை, வார்டில் உதவிக்கு இருந்த அக்காவின் கைக்குள் இருந்தது.

"அம்மா எங்க?"

"வெளிய இருக்காங்க, பாப்பா."

"எப்ப போச்சி?"

அக்கா டாக்டரம்மாவைப் பார்த்தார். "மொத நாள்லேந்தே அப்படித்தான். நீ கண்ணாடி மாட்டுனதும் கையை எங்கிட்ட குடுத்துட்டு போயிடுவாங்க. கழட்டறதுக்குள்ள வந்துடுவாங்க."

அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. புண்ணைவிட அதுதான் எரிந்தது.

"என்னால பாக்க முடியல" என்றாள் அம்மா, என்னை வெளியே கொண்டுவந்ததும். "நீதான் ஒண்ணும் தெரியாம கெடந்தியே."

"தெரிஞ்சிதும்மா. நீ இருக்கன்னு நெனச்சி பொறுத்துக்கினு இருந்தேன்."

அதன்பின் கண்ணாடியை மறுத்தேன். அம்மாவையும் உள்ளே விடவில்லை. கண்ணைத் திறந்தபடியே தாங்கினேன். கத்தினேன்.

கடைசியில் டாக்டரம்மா என் கட்டிலருகே உட்கார்ந்தார். "சொல்லாம வுட்டது எங்க தப்பு. இனிமே செய்யறத ஒவ்வொண்ணா சொல்லிட்டு செய்யறேன். நிறுத்துன்னா நிறுத்திடறேன்." அப்படியே செய்தார். மீண்டும் மாட்டிக்கொண்டேன். கடலுக்குள் அவர் குரல் வந்தது: "இப்ப ஒட்டுன துணிய எடுக்கறேன்." யார் கையையும் பிடிக்கவில்லை.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு: அந்தக் கண்ணாடி உதவியது, மறுக்கமாட்டேன். உங்களால் நிற்க முடியாவிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள். பிள்ளை அதைத் தாங்கும்.

வேறிடத்திலிருந்து தோல் எடுத்துக் காலில் ஒட்டி, தையல் பிரித்து, நடக்கப் பழகி மலையேறினேன். இப்போது கல்லூரியில் படிக்கிறேன். அரைமணி நேரம் என்பது எவ்வளவு என்று இன்றும் கடிகாரம் பார்த்தால்தான் எனக்குத் தெரியும்.

அம்மா தினமும் காலில் தேங்காயெண்ணெய் தடவிவிடுகிறாள். ஒட்டிய தோலில் உணர்ச்சி இல்லை. அவள் விரல்கள் அங்கே இருக்கின்றனவா என்று நான் குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.